ராணிக்கு மூன்று கலியாணம், எனக்கு மூன்று ஓலை

ஸ்கொட்லாந்து ராணி எனக்குச் சீட்டிழுப்பில் கிடைத்தவள். மொன்றியலில் மாலைநேரப் பிரெஞ்சு வகுப்பில் எங்கள் ஆசிரியை தன் கம்பளித் தொப்பிக்குள் துண்டுக் கடதாசிகளைப் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் சரித்திரத்தில் வாழ்ந்த ஒருவரின் பெயர். நவம்பர் கடைசியில் அந்த ஆளைப் பற்றி வகுப்பின் முன் நின்று பத்து நிமிடம் பிரெஞ்சில் பேச வேண்டும். பெரு நாட்டுக்காரர் ஒருவருக்குக் கடலோடி வந்தான். வங்காளப் பெண்ணுக்கு விஞ்ஞானி வந்தார். எனக்கு ராணி.

என் துண்டைப் பார்த்ததும் ஆசிரியையின் முகம் கறுத்தது. முதல் நாள் நிரப்பிய படிவத்தில் விதவை என்ற கட்டத்தில் நான் கோடு போட்டிருந்தது அவருக்கு நினைவு.

"மதாம், வேண்டுமானால் வேறு எடுங்கள். இவளுக்குப் பதினெட்டு வயது நிரம்பும் முன்னே புருஷன் இறந்துவிடுகிறான்" என்றார்.

"எனக்கு இருபத்தாறில் இறந்தார். நான் அவளுக்கு மூத்தவள், மதாம். அவள் என்னோடு இருக்கட்டும்" என்றேன். உடைந்த பிரெஞ்சுதான். ஆனால் அவருக்கு விளங்கியது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. டோர்வலில் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற சமையற்கூடத்தில் காலை வேலை. ஐந்து வயதில் ஒரு மகள். வில்லரேயில் அண்ணையின் வீட்டு மேல்மாடியில் நானும் அவளும் இருந்தோம், கீழே அண்ணையும் மச்சாளும். அண்ணையின் மனைவியை யாழ்ப்பாணத்தில் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தது அண்ணை. கலியாணம் செய்து வைத்தது அண்ணை. புருஷன் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியதும், சவப்பெட்டிக்கு முன்னால் நடந்ததும் அண்ணை. விடியவே நான் வேலைக்குப் போய்விட, என் மகளைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது மச்சாள். இதையெல்லாம் முதலே சொல்லிவிடுகிறேன். அண்ணை கெட்டவர் என்று யாராவது நினைத்தால் எனக்கே கோபம் வரும்.

ஆசிரியை எனக்குப் பெரிய எழுத்தில், படம் போட்ட ஒரு சின்னப் புத்தகம் தந்தார். ராணி சிறுவயதில் பிரான்சில் வளர்ந்தவள், சாகும்வரை பிரெஞ்சில் கடிதம் எழுதியவள் என்பதால் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கும் அவளைத் தெரியுமாம். பின்னேரங்களில் நான் அதை உரத்து வாசிப்பேன், மகள் பக்கத்தில் இருந்து திருத்துவாள். வரிக்கு ஒரு தடவை, "நோன், மாமோன்", இல்லை அம்மா. பத்து வரிக்கு ஒரு தடவைதான், "வீ, மாமோன்", ஓம் அம்மா. எனக்குப் பிரெஞ்சு படிப்பித்தது அரசாங்கம் பாதி, அவள் பாதி.

கதை பிடித்துவிட்டது. எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. ஆறு நாள் குழந்தையிலேயே அவள் ராணி. தொட்டிலில் கிடக்கும்போதே சம்பந்தம் பேசத் தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்து அரசன் தன் மகனுக்குக் கேட்டான். சம்பந்தம் குழம்பியதும் படையை அனுப்பி ஊர்களை எரித்தான். எங்கள் ஆட்கள் சம்பந்தம் குழம்பினால் மூன்று வருடம் முகம் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். நாங்கள் பரவாயில்லை என்று நினைத்தேன். ஐந்து வயதில் அவளைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அங்கே இளவரசனைக் கட்டினாள், அவன் அரசனானான், ஒன்றரை வருடத்தில் காதில் வருத்தம் வந்து செத்தான். கறுப்பும் வெள்ளையும் உடுத்தபடி சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தாள்.

வந்தால், அங்கே ஒரு அண்ணன் இருக்கிறார். தகப்பன் வேறொரு பெண்ணிடம் பெற்ற பிள்ளை, அதனால் முடிக்கு உரிமையில்லை. ஆனால் முடியைத் தவிர மிச்சமெல்லாம் அவர் கையில். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் பிரபுக்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டை, ஒரு வாள், ராணியை யார் கட்ட வேண்டும் என்பதில் ஒரு அபிப்பிராயம். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்காத ஆள் அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒருவனும் இல்லை. இந்த இடத்தை வாசித்துவிட்டு நான் கீழே இறங்கிப் போனேன். அண்ணை குசினி மேசையில் இருந்தார். முன்னால் தேத்தண்ணி, பக்கத்தில் மச்சாள், இரண்டு பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

"இரு பிள்ளை. ரொறன்ரோவில ஒரு இடம் வந்திருக்கு" என்றார் அண்ணை.

நாற்பது வயது. முதற் கலியாணம்தான். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். தங்கச்சிமார் மூன்று பேரைக் கரைசேர்த்துவிட்டு இப்போதுதான் தன் அலுவலைப் பார்க்கிறார். லிஃப்ட் திருத்துகிற வேலை. தாய் தகப்பன் இல்லை, அக்காவின் வீட்டில் இருக்கிறார், அக்காதான் எல்லாம்.

எனக்குக் கலியாண ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருந்தது. தனியப் படுத்து அலுத்துவிட்டது. ஒரு மனுசனோடு சேர்ந்து தேத்தண்ணி குடித்துச் சண்டை பிடிக்க ஆசையாக இருந்தது. ஆனால் ஒன்றை முதலே வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னேன்.

"அண்ணை, பிள்ளை என்னோடதான் வரும். அதுக்கு ஓம் எண்டால் மிச்சத்தைக் கதைப்பம்."

"அதெல்லாம் கதைச்சாச்சு" என்றார் அண்ணை.

யார் கதைத்தது, யாரோடு கதைத்தது, என்ன கதைத்தது என்று நான் கேட்கவில்லை. என் பிழை அதுதான். எங்கள் வீடுகளில் கதைச்சாச்சு என்று ஒரு ஆம்பிளை சொன்னால் அது முத்திரை குத்தின கடிதம். யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மாப்பிள்ளை போன் எடுத்தார். அவருடைய அக்கா எடுத்து மச்சாளோடு கதைத்து, பிறகு தம்பியிடம் கொடுப்பா. மச்சாள் என்னிடம் தருவா, தந்துவிட்டு அங்கேயே நின்று வெங்காயம் உரிப்பா. அந்தப் பக்கமும் யாரோ வெங்காயம் உரித்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் காலநிலை பற்றிக் கதைத்தோம். மொன்றியலில் குளிரோ, ஓம் குளிர், ரொறன்ரோவில் குளிரோ, ஓம் அங்கேயும் குளிர். ஒரு நாள் மட்டும் ஒரு லிஃப்டுக்குள் ஒரு கலியாண வீட்டுக் கூட்டமே இறுகி நின்ற கதையைச் சொன்னார். சிரிக்காமல் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எனக்கு அது உறுத்தியது. மச்சாளிடம் சொன்னேன். "கூச்சமா இருக்கும். நீயும் எடுத்த எடுப்பில பிள்ளை பிள்ளை எண்டு துவங்காதை" என்றா. சரி என்று விட்டுவிட்டேன்.

ராணியின் இரண்டாவது புருஷன் நெட்டையன், வடிவானவன், எந்நேரமும் குடியில் மிதக்கும் வெறிக்குட்டி. அவளே விரும்பிக் கட்டினாள். ஆறு மாதத்தில் அவனுக்கு முடி வேண்டும் என்ற ஆசை வந்தது. அவள் வயிற்றில் பிள்ளையோடு சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது, இவனும் சில பிரபுக்களும் உள்ளே புகுந்து, அவளுடைய எழுத்தரை அவள் பாவாடையைப் பிடித்துக் கதறக் கதற இழுத்துக்கொண்டு போய்க் குத்திக் கொன்றார்கள். பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை. அடுத்த வருடம் அந்தப் புருஷன் தங்கியிருந்த வீடு வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. அவனைத் தோட்டத்தில் பிணமாக எடுத்தார்கள். அவளுக்கு அதில் கை இருந்ததா என்று நானூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை பிடிக்கிறார்களாம். எனக்குத் தெரியாது, நான் அந்த வீட்டில் இருக்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை கோயில் அறையில் சுவாமியின் முன் இருந்து கடதாசியில் கையெழுத்து வைத்தேன். எங்கள் பாதிரியாரை நாங்கள் சுவாமி என்போம்.

"சொந்த விருப்பத்தோடதான் சம்மதிக்கிறீங்களோ, பிள்ளை?"

"ஓம் சுவாமி."

அப்போது அது உண்மை. மாப்பிள்ளை ரொறன்ரோவில் தன் பங்குக் கோயிலில் கையெழுத்து வைத்து அனுப்பியிருந்தார். கலியாணம் நவம்பர் முடிவில், கிறிஸ்மசுக்கு முந்திய ஆகமன காலம் தொடங்க முதல். அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் பெயர்களை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். நான் பிறந்த நாள் தொட்டு அதைக் கேட்டு வருகிறேன். ஒருவர் கூட எதையும் அறிவித்ததில்லை. அந்த நேரத்தில் சனம் இருமும், பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கும்.

முதல் ஓலை வாசித்த அன்று கோயில் வாசலில் எனக்குக் கைகொடுக்காத ஆள் இல்லை. அண்ணை பங்குச் சபையில் இருப்பவர், அவர் தலையை ஆட்டினால்தான் மண்டபத்தில் கதிரை போடுவார்கள். அன்று அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டாமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

அந்தக் கிழமை நான் புத்தகத்தில் மூன்றாவது கலியாணத்துக்கு வந்தேன். இரண்டாவது புருஷனைக் கொன்றவன் என்று ஊரே சந்தேகித்த ஒரு பிரபு, மற்றப் பிரபுக்களை ஒரு சாராயக்கடையில் விருந்துக்குக் கூப்பிட்டான். சாப்பாடு முடிந்ததும் ஒரு பத்திரத்தை நீட்டினான். ராணி மறுமணம் செய்ய வேண்டும், இவனையே செய்யலாம், நாங்கள் துணை நிற்கிறோம். பிரபுக்களும் கையெழுத்து வைத்தார்கள், ஆயர்களும் வைத்தார்கள். ராணி அந்த மேசையில் இருக்கவில்லை. பிறகு அவன் அவளை வழியில் மறித்துத் தன் கோட்டைக்குக் கொண்டுபோனான். ஓலை வாசிக்கக் கட்டளை போனது. வாசிக்க வேண்டிய பாதிரி வாசித்தார். வாசித்துவிட்டு, இந்தக் கலியாணத்தை நான் வெறுக்கிறேன் என்று பிரசங்க மேடையில் நின்றே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மகளிடம் சொன்னேன், "பாத்தியே, ஒரு சுவாமிக்கு எவ்வளவு துணிவு."

"துணிவெண்டால் அவ ஏன் சொல்லேல்லை?" என்றாள் அவள், பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும். ராணியைத்தான் கேட்டாள். நான் அவளைப் படுக்கச் சொன்னேன்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு செயின்ட்-மிஷேலுக்குப் போனேன். அங்கே மாமி இருந்தா, செத்துப்போன என் புருஷனின் தாய். ஒரே மகனைப் பறிகொடுத்தவ. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுவேன். நான் மறுமணம் செய்யப்போகிறேன் என்பதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஆனால் அண்ணை முதலே போய்ச் சொல்லியிருந்தார். மாமி அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கையில் பிடித்து உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா.

அங்கே ஒரு சின்னக் கட்டில். வெள்ளை மரம், ரோசா விரிப்பு. தலையணை உறையில் என் மகளின் பெயரை நூலால் தைத்திருந்தா. மகள் அதில் ஏறிக் குதித்தாள்.

"கண் தெரியாமல் தைச்சது. ஒரு எழுத்துக் கோணிப்போச்சு" என்றா மாமி.

"ஏன் மாமி இவ்வளவு செலவழிச்சு? அவள் இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தானே வாறாள்?"

மாமி என்னைப் பார்த்தா. "நீ கேட்டனி எண்டுதானே உன்ரை கொண்ணை சொன்னவர். நீ போற இடத்தில வேரூண்டும் மட்டும் பிள்ளை என்னோட நிக்கட்டும் எண்டு. இங்க பள்ளிக்கூடமும் விசாரிச்சு வைச்சிருக்கிறன். பிள்ளை, நீ எனக்குச் செய்த உதவிக்கு நான் சாகும் மட்டும் செபம் சொல்லுவன்."

அந்த அறையில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் வந்தது மட்டும் நினைவிருக்கிறது. மகள், "நான் அந்தக் கட்டிலில எத்தினை நாள் படுக்கிறது?" என்று கேட்டாள். மாமி ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தா.

வீட்டுக்குள் சப்பாத்தும் கழற்றாமல் போனேன். மகளை மேலே அனுப்பிவிட்டு அண்ணையின் முன்னால் நின்றேன்.

"நான் எப்ப அண்ணை கேட்டனான், பிள்ளையை மாமியிட்டை விடச் சொல்லி?"

அண்ணை தொலைக்காட்சியை நிறுத்தினார். "ஆறுதலாய் இரு. சொல்லுறன். அவையின்ரை அக்கா பிள்ளையோட எண்டால் யோசிக்கிறா. ஒரு ரெண்டு வருசம்தானே. அங்க போய் நீ ஒரு பிள்ளையைப் பெத்து நிலைச்சாப் பேந்து இவளையும் கூப்பிடலாம். மாமிக்கும் ஒரு ஆறுதல்."

"ஆர் முடிவெடுத்தது?"

ஓகஸ்டில் ரொறன்ரோவில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். கேக் வெட்டி முடிய, நிலக்கீழ் அறையில், அண்ணையும் மாப்பிள்ளையின் அக்காவும் அத்தானும் சம்பந்தம் கொண்டுவந்த தரகரும் இருந்து கதைத்து முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை மேலே கதிரை அடுக்கிக்கொண்டிருந்தாராம். நான் மொன்றியலில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் எண்டு சொல்லியிருக்கு. நான் ஒண்டுதான் சொன்னனான்" என்றார் அண்ணை. "நான் ஏறச் சொன்னா எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னா முடவனுக்குக் கோபம். உன்னைத் தனிய விட்டுட்டு எனக்கு நித்திரை வருதே? மூண்டு வருசமா உன்ரை முகத்தைப் பாக்கிறன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. கல்நெஞ்சனோடு சண்டை பிடிப்பது சுகம். அன்பு வைத்தவன் கழுத்தை அறுத்தால் கத்தவும் முடியாது.

"கலியாணம் வேண்டாம். சுவாமியிட்டைச் சொல்லி நிப்பாட்டுங்கோ."

அண்ணை தொலைக்காட்சியைத் திரும்பப் போட்டார். பிறகு, "சரி, சொல்லுறன்" என்றார்.

நானே சுவாமியிடம் போயிருக்கலாம். போகவில்லை. அண்ணை தொடங்கியதை அண்ணையே முடித்தால் சபையில் அவர் மரியாதை நிற்கும் என்று விட்டேன். அவ்வளவு செய்தவருக்கு நான் அதையாவது செய்ய வேண்டாமா? ரொறன்ரோவுக்கு ஒருக்கால் போன் எடுத்துப் பார்த்தேன். அக்காதான் எடுத்தா. தம்பி வேலையில் என்றா, பேந்து எடுக்கச் சொல்கிறேன் என்றா. யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கிழமை புத்தகத்தை முடித்தேன். மூன்றாவது கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில், அதே பிரபுக்களில் பலர், சாராயக்கடையில் கையெழுத்து வைத்த அதே கைகளால், வாளெடுத்து அவளுக்கெதிராகப் படை திரட்டினார்கள். அவளைப் பிடித்து ஏரிக்கு நடுவே ஒரு தீவுக் கோட்டையில் வைத்தார்கள். அங்கேயும் ஒரு பத்திரம் வந்தது. முடியை மகனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்து வை. வைத்தாள். மகனுக்கு ஒரு வயது. அவனுக்கு முடி சூட்டினார்கள், அவனுக்காக ஆளும் பொறுப்பு அந்த அண்ணனுக்குப் போனது. அவள் தப்பி இங்கிலாந்துக்கு ஓடினாள், அங்கே அவளுடைய சொந்தக்காரியான இங்கிலாந்து ராணி அவளைப் பத்தொன்பது வருடம் சிறை வைத்துத் தலையை வெட்டுவித்தாள்.

"மற்றது?" என்றாள் மகள்.

"என்ன மற்றது? தலையை வெட்டினாப் பேந்து என்ன மற்றது?"

"அவவின்ரை பேபி. பேந்து பாத்தவவோ?"

திருப்பிப் பார்த்தேன். பத்து மாதக் குழந்தையாகக் கடைசியாகப் பார்த்தாள் என்று இருந்தது.

"இல்லை" என்றேன். மகள் போர்வைக்குள் நுழைந்து என் கையை எடுத்துத் தன் கன்னத்தின் கீழ் வைத்துக்கொண்டு படுத்தாள். அன்று நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ராணிக்காக இல்லை.

மூன்றாவது ஞாயிறு. முதல் பனி விழுந்து கோயில் வாசலில் சேறு. நானும் மகளும் நடுவரிசை, அண்ணையும் மச்சாளும் முன்வரிசை. மாமியும் வந்திருந்தா, பின்னால். நற்கருணை முடிந்து சுவாமி அறிவித்தல் தாளை எடுத்தார். முதலில் செபமாலைக் கூட்டம். பிறகு, "மூன்றாம் முறை" என்று தொடங்கி என் பெயரை வாசித்தார்.

அண்ணையின் பிடரியைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. அவர் சொல்லவே இல்லை. மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால் என் கோபம் தானாக அடங்கும், இத்தனை சனத்துக்கு முன்னால் இவள் என்ன செய்யப்போகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

"தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அடுத்ததாக, மண்டபம் கூட்டும் முறை..."

எழும்பி நின்றேன்.

"சுவாமி, எனக்குத் தெரியும்."

சுவாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன தெரியும், பிள்ளை?"

"தடை. பொம்பிளைக்குச் சம்மதமில்லை."

"பொம்பிளை நீங்கள்தானே?"

"ஓம் சுவாமி. அதாலதான் எனக்கு வடிவாத் தெரியும்."

யாரோ ஒரு ஆள் சிரித்து, பாதியில் நிறுத்தினார். சுவாமி நல்ல மனுசன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார். பேனையை எடுத்து ஒரு கோடு போட்டார். "அப்ப இந்த அறிவித்தல் இத்தோட நிக்குது" என்றார். பிறகு மண்டபம் கூட்டும் முறையை வாசித்தார். அந்தக் கிழமை எங்கள் தெருவின் முறை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அண்ணை நின்றார். "சபையில என்ரை முகத்தில கரியைப் பூசிப்போட்டாய்" என்றார். குரல் உயரவில்லை.

"நீங்கள் சுவாமியிட்டைச் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டன் அண்ணை. அந்த நிலக்கீழ் அறையில நீங்கள் என்ரை பேருக்கு வைச்ச கையெழுத்தை நான் அழிச்சனான். உங்களை அழிக்கேல்லை."

அவர் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையும் மச்சாள் வந்து மகளின் தலையை வாரினா. மேல்மாடிப் படியில் விழுந்த பனியை யாரோ நான் வேலைக்குப் போக முன் தள்ளியிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, இரண்டு கிழமை பேசினார்கள். பிறகு வேறு யாரோ வீட்டில் என்னவோ நடந்து எங்களை விட்டுவிட்டார்கள்.

மாமியிடம் போக எனக்குத் துணிவு வர மூன்று நாள் எடுத்தது. அவ கதவைத் திறந்து, "கட்டிலைத் திருப்பிக் குடுக்கட்டே?" என்று மட்டும் கேட்டா. மகனை இழந்தவளிடம் இரண்டாவது தடவையும் பறித்தது போல எனக்கு இருந்தது.

"வேண்டாம் மாமி. ஒவ்வொரு சனியும் அவள் அதிலதான் படுப்பாள். திங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்ரை வீட்டிலயிருந்து போவாள்" என்றேன். மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புட்டு அவிக்கப் போனா.

பிரெஞ்சு வகுப்பில் என் பத்து நிமிடம் பதினெட்டு நிமிடமானது. ஆசிரியை மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. முடிவில் பெரு நாட்டுக்காரர் கையை உயர்த்தி, "ராணி செய்த பெரிய பிழை எது?" என்று கேட்டார். இரண்டாவது புருஷனா, மூன்றாவது புருஷனா, இங்கிலாந்துக்கு ஓடினதா என்று வகுப்பு தங்களுக்குள் அடிபட்டது.

"அவளுக்காக மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அவள் மற்றவர்கள் வாயாலேயே கேட்டாள், நேரே போய்க் கேட்கவில்லை" என்றேன். இலக்கணப் பிழை இரண்டு விட்டேனாம். ஆசிரியை திருத்தவில்லை.

என் பெயரும் அதே மாப்பிள்ளையின் பெயரும் அடுத்த வருடம், உயிர்ப்புத் திருநாள் கழிந்து, முதலாம் ஓலையிலிருந்து மறுபடி மூன்று முறை அதே கோயிலில் வாசிக்கப்பட்டன. தடை என்ற சொல் வந்ததும் முழுக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் இருந்த இடத்தில் இருந்தேன். அண்ணைதான் முதலில் சிரித்தார். ஆனால் அது அப்படி முடிந்ததற்குக் காரணம், வகுப்பில் பேசிய அடுத்த நாள் பின்னேரம் வந்த ஒரு போன்.

மச்சாள் வெங்காயம் உரிக்கவில்லை. நானே எடுத்தேன். அந்தப் பக்கம் வாகன இரைச்சல். வேலைத்தலத்துக்கு வெளியே ஒரு காசு போடும் போனிலிருந்து அவர் எடுத்திருந்தார்.

"நான்தான். அக்காவுக்குத் தெரியாது" என்றார். "கோயிலில நடந்தது கேள்விப்பட்டன். ஒண்டு கேக்க வேணும். நீங்கள்தானே பிள்ளையை அப்பம்மாவோட விட விரும்புறீங்கள் எண்டு எனக்குச் சொன்னவை. அந்தக் கதை எடுத்தா நீங்கள் அழுவீங்கள், எடுக்காதை எண்டும் சொன்னவை. அதாலதான் நான் ஒண்டும் கேக்கேல்லை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "எனக்கு நீங்கள்தான் பிள்ளை வேண்டாமெண்டனீங்கள் எண்டு நினைச்சன்."

"நான் அப்பிடிச் சொல்லவே இல்லை. என்னை ஒருத்தரும் கேக்கவும் இல்லை."

போனுக்குள் இன்னொரு காசு விழுகிற சத்தம் கேட்டது. இன்னும் கதைக்கப்போகிறார் என்று விளங்கியது. கதிரையை இழுத்து இருந்தேன். மகள் மேசையில் எதையோ நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இப்ப கேக்கிறன்" என்றார். "பிள்ளையின்ரை பேர் என்ன?"

மூன்று மாதமாக எங்கள் இரண்டு வீட்டாரும் கூடிக்கூடிக் கதைத்தார்கள். ஒருவரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். மேசையிலிருந்து மகள், "வீ, மாமோன்?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.